பிடி அரிசி முதல் வங்கித் தவணை வரை: நம் பிள்ளைகளின் படிப்புக்கடன் வரலாறு



தேர்தல் பேச்சு கிளம்பும்போதெல்லாம் என் போனுக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "டீச்சர், படிப்புக்கடனைத் தள்ளுபடி பண்ணிருவாங்களா?" கேட்பவர்கள் எல்லோரும் நம் தாயில்பட்டியிலும் பக்கத்து ஊர்களிலும் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். இன்றைக்கு ஒருவர் திருப்பூரில், ஒருவர் ஓசூரில், ஒருவர் துபாயில். கல்லூரியை முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் வங்கிப் பாக்கி முடியாதவர்கள் அவர்களில் பலர். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கடன் வாங்கிப் படிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1240-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஏழை மாணவர்களுக்காக ஒரு பணப்பெட்டி வைத்திருந்தார்கள். புத்தகம் போன்ற ஏதாவது ஒரு பொருளை அடகாக வைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளலாம். வட்டி கிடையாது. அச்சுப் புத்தகமே இல்லாத அந்தக் காலத்தில் கையால் எழுதிய புத்தகம் என்றால் தங்கத்துக்குச் சமம். நம் வீடுகளில் தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்துப் பீஸ் கட்டினோமே, அதே கதைதான்.

நம் நாட்டில் அண்ணல் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்து வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதன்படி 1917-இல் பரோடாவுக்குப் போனவருக்குத் தங்க ஒரு இடம் தரக்கூட அந்த ஊரில் ஆள் இல்லை. சாதியைச் சொல்லி விரட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. பாதியில் நின்ற லண்டன் படிப்பை முடிக்க 1920-இல் மறுபடி கப்பல் ஏறியபோது, நவல் பதேனா என்ற பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடனாகக் கொடுத்தார். அரசியல் சட்டத்தை எழுதிய கைக்குப் பின்னால் ஒரு படிப்புக்கடனும் இருக்கிறது. ஆகவே கடன் வாங்கிப் படித்தோம் என்று யாரும் தலைகுனிய வேண்டாம்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. வியாபாரிகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்திலும் அரிசியிலும் பள்ளிக்கூடம் நடந்தது. பிடி அரிசிப் பள்ளி என்றே அதற்குப் பெயர். 1903-இல் பிறந்த காமராஜர் படித்த பள்ளி அதுதான். வீட்டுக் கஷ்டத்தால் அவர் பாதியில் நின்றார். பள்ளி வாசலை விட்டுப் போன அந்தப் பையன் பின்னாளில் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது. அதைக் கடனாகத்தான் கொடுத்தார்கள். படித்து, வேலைக்குப் போய், திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய கடனும் உண்டு. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் செய்தது, மற்றவர்களுக்கு யார் செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு அரசாங்கம்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். கொடுத்தவருக்கு வாங்கியவரின் வீடு தெரியும், அப்பாவின் தொழில் தெரியும். பையனுக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பதும் தெரியும்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் அப்படிக் கொடுத்தது. 1963-இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன். வாங்கியவர் ஆசிரியர் வேலைக்குப் போனால் பணியாற்றும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்து வருஷம் பாடம் நடத்தினால் கடன் பூஜ்யம்! ஆனால் கொடுத்த பணத்தில் மிகக் குறைவாகத்தான் திரும்பி வந்தது. வாங்கியவர் எங்கே இருக்கிறார், என்ன சம்பாதிக்கிறார் என்று தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லை. 1990-களில் அந்தத் திட்டம் முடிந்துபோனது.

இதற்கிடையே தமிழ்நாட்டில் வேறொரு பெரிய காரியம் நடந்தது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார், பள்ளிக் கட்டணத்தை எடுத்தார். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் வந்தது. பெண்களுக்கு எஸ்.எப்.ஆர். கல்லூரி 1968-இல் வந்தது. படிக்க இடம் இருந்தது. ஆனால் நம் கரிசல் பூமியில் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கு வந்தார்களா? இல்லை.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து சிவகாசி வளர்ந்தது, பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. மழை பொய்த்த பூமியில் அந்தத் தொழில்தான் சோறு போட்டது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்குப் பல காலம் குழந்தைகளின் விரல்களும் தேவைப்பட்டன. விடியுமுன் ஆலை வண்டியில் ஏறிப் போன பிள்ளைகள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். வீட்டில் இருந்த பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. குடும்பம் ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கும். அதைக் கழிக்கப் பிள்ளையும் போக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பிறக்கும்போதே கடனோடு பிறந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கு அது. அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது தீர்ப்பு. அதற்கு முன்பிருந்தே தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டப் பள்ளிகளும் நடந்துவந்தன. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பறை நிறைந்தது.

இப்போது நான் கரும்பலகையில் போடும் கணக்கைப் பாருங்கள். 1996-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிப்பது 2008-இல். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வீட்டில் முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய தலைமுறை அது. அந்தத் தலைமுறை கல்லூரி வாசலுக்கு வந்து நின்றபோது வாசலில் கட்டண அறிவிப்புப் பலகை தொங்கியது.

அது எப்படி வந்தது? 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த வருஷமே சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் தொடங்கின. இல்லையென்றால் நம் பிள்ளைகள் பொறியியலுக்கு மதுரைக்கோ கோவைக்கோதான் போயிருக்க வேண்டும். அந்த நன்மையை மறுக்க முடியாது. பிறகு கல்லூரிகள் பெருகிப் பெருகி மாநிலத்தில் ஐந்நூறைத் தாண்டின. 2007-இல் நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் போதும், சேரலாம். இடம் உண்டு, மதிப்பெண் உண்டு, பணம்தான் இல்லை.

அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் வங்கிக் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தை 2001-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், நம் கைப்பணமும் போட வேண்டாம். பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம். படித்து ஒரு வருஷம் கழித்தோ, வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்தோ, எது முன்னால் வருகிறதோ அப்போது தொடங்கி 5 முதல் 7 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். 2004-க்குப் பிறகு நிதியமைச்சர் ப. சிதம்பரம் மேடைக்கு மேடை வங்கிகளை விரட்டி விரட்டிக் கொடுக்கச் சொன்னார். கல்விக்கடன் வாங்கியதில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசைக்கு வந்தது.

கரிசல் காட்டில் ஈடு வைக்க எதுவும் இல்லாத ஒரு பட்டாசுத் தொழிலாளியை நம்பி வங்கி 4 லட்சம் கொடுத்தது என்றால், அது சின்ன விஷயம் இல்லை. அதுவரை நம் ஆட்களுக்குத் தெரிந்த கடன் அட்வான்ஸும் கந்துவட்டியும்தான். இந்தக் கடனால் படித்து நல்ல நிலைக்கு வந்த பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களிலேயே இருக்கிறார்கள்.

பிறகு எங்கே சிக்கியது? ஒரு கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷம் கடன். வட்டி 12 சதவீதம், அந்தக் காலத்தில் சாதாரணமாக இருந்த வட்டி. படிக்கும்போது தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 60,000. இரண்டாவதுக்கு 48,000. மூன்றாவதுக்கு 36,000. நாலாவதுக்கு 24,000. மொத்த வட்டி 1,68,000. ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம் இல்லை, 5,68,000. இதை 7 வருஷத்தில் முடிக்க மாதம் ஏறக்குறைய 10,030 ரூபாய் கட்ட வேண்டும்.

முதல் வேலையில் 8,000, 10,000 சம்பளம் வாங்கிய இன்ஜினியர்களை நமக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் நாலு பேர் ஒரு அறையில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, மிச்சத்தில் 3,000 ரூபாயை ஒழுங்காக வங்கிக்கு அனுப்பிய பிள்ளைகள் உண்டு. ஆனால் 5,68,000-க்கு முதல் மாத வட்டி மட்டுமே 5,680. மாதம் 3,000 கட்டினால் அந்த மாதம் கடன் 2,680 ரூபாய் கூடத்தான் செய்யும். கட்டியும் கடன் ஏறுகிறதே என்று அழுத பிள்ளையின் அழுகைக்கு அர்த்தம் இதுதான். சோம்பேறித்தனமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கழித்தல் கணக்கு.

இன்னொன்று இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதுதான். அந்தத் திட்டம் மாதச் சம்பளக்காரர் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் ஊரில் மாதம் என்று ஒன்று கிடையாது. வாரம்தான் உண்டு, சனிக்கிழமைச் சம்பளம்தான் உண்டு. பட்டாசு காய வெயில் வேண்டும், மழை பெய்தால் வேலை ஓடாது. தீபாவளிக்கு முன் போனஸ் வரும். தீபாவளி முடிந்தால் ஆலை சில வாரம் மூடிக் கிடக்கும். ஒரு விபத்து நடந்தால் ஆய்வு வரும், ஆலைகள் நிற்கும். பிள்ளைக்குச் சம்பளம் போதாதபோது துணைக்குக் கட்ட வேண்டிய அப்பா அம்மாவின் வருமானம் இப்படி. வங்கித் தவணை மட்டும் மழை, வெயில் பார்க்காமல் மாதம் ஒன்று தவறாமல் வந்து நிற்கும்.

2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசுதான் என்றது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. காற்று மாசு உண்மையான பிரச்சினை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் சனிக்கிழமை வந்தது, சம்பளம் வரவில்லை. அடுத்து 2020-இல் கொரோனா. மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2009-10 கல்வியாண்டிலிருந்து, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து பிள்ளை தொழிற்கல்வி படித்தால், படிக்கும் கால வட்டியை மத்திய அரசே கட்டும் என்று திட்டம் வந்தது. மேலே போட்ட கணக்கில் அந்த 1,68,000 அப்படியே குறையும்! பெரிய உதவி. ஆனால் பி.ஏ., பி.எஸ்சி. படித்த பிள்ளைக்கு அது இல்லை. அதற்கு முன் கடன் வாங்கியவர்களுக்கும் இல்லை. அந்த முன்னவர்களுக்காக 2014 பிப்ரவரி 17 அன்று இடைக்கால பட்ஜெட்டில் ஒரு அறிவிப்பு வந்தது. 2009 மார்ச் 31-க்குள் வாங்கிய கடன்களில் 2013 டிசம்பர் 31 வரை நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்கும், சுமார் 9 லட்சம் பேருக்கு சுமார் 2,600 கோடி ரூபாய் பயன் என்றார்கள். கவனியுங்கள், வட்டி மட்டும்தான். அசலை யாரும் தொடவில்லை.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். "விவசாயக் கடனைத் தள்ளுபடி பண்றாங்க, நகைக்கடனைப் பண்றாங்க, எங்களுக்கு ஏன் இல்ல?" 2006-இலும் 2021-இலும் தமிழ்நாட்டில் தள்ளுபடியானவை கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கிய பயிர்க்கடன்கள். 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடியும் கூட்டுறவில்தான். கூட்டுறவு மாநில அரசின் கையில் இருக்கிறது. கல்விக்கடன் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளில் இருக்கிறது. அவை மத்திய அரசின் கீழும் ரிசர்வ் வங்கியின் கீழும் வருகின்றன. மாநில அரசு தள்ளுபடி செய்ய நினைத்தால், வங்கிகளுக்கு அத்தனை பணத்தையும் கட்ட வேண்டும். மத்திய அரசு 2008-இல் வங்கிகளின் விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது, ஆனால் கல்விக்கடனுக்கு அப்படிச் செய்யவில்லை. 2016 தேர்தலிலும் 2021 தேர்தலிலும் தமிழ்நாட்டின் பெரிய கட்சிகள் கல்விக்கடனைப் பற்றி வாக்குறுதி கொடுத்தன. அதை நம்பித் தவணையை நிறுத்திக் காத்திருந்தவர்களின் வட்டி காத்திருக்கவில்லை.

வங்கிகளும் சும்மா இருக்கவில்லை. பாரத ஸ்டேட் வங்கி 847 கோடி ரூபாய்க் கல்விக்கடன் பாக்கிகளை 381 கோடிக்கு ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. நூறு ரூபாய்ப் பாக்கியை நாற்பத்தைந்து ரூபாய்க்கு! 2016-இல் மதுரையில் பொறியியல் முடித்த ஒரு பையன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டான். அதன் பிறகுதான் பத்திரிகைகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது. இன்னொரு நிறுவனத்துக்கு 45 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்த கடனை, அதே விலைக்குத் தீர்த்துக்கொள்ள அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று அப்போது பலர் கேட்டார்கள். இன்றைக்கும் அது நல்ல கேள்விதான்.

பிற நாடுகளில் என்ன நிலை? அமெரிக்காவில் படிப்புக்கடன் பாக்கி ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதிபர் பைடன் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யப் பார்த்தார். 2023 ஜூன் 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1989-இல் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாட்டில், படித்தவரின் வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கடன் பிடிக்கப்படும். வருமான வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். வசூல் ஆள் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. நம்முடைய 1963-ஆம் வருஷத் திட்டம் ஆள் தெரியாமல் தோற்றது. அவர்கள் வரித்துறை மூலம் ஆளைத் தெரிந்துகொண்டு, சம்பளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். விருதுநகர்ப் பெரியவர்கள் மகமைப் பணத்தில் தெரிந்து வைத்திருந்ததும் இதுதானே! கடனை எப்போது திருப்ப வேண்டும் என்பதைப் பிள்ளையின் சம்பளம் சொல்ல வேண்டும், காலண்டர் சொல்லக் கூடாது. இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இந்த ஒன்றுதான். தள்ளுபடி கேட்பதைவிட இதைக் கேட்பது நல்லது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் இப்போது கடன் வாங்காமலே படிக்கச் சில வழிகள் வந்திருக்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-இலும் வந்தது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இலும் வந்தன, மாதம் 1,000 ரூபாய். உங்கள் பிள்ளைகளை, தம்பி தங்கைகளைச் சேர்க்கும்போது முதலில் இவற்றைக் கேளுங்கள், கடனைக் கடைசியில் கேளுங்கள்.

ஏற்கனவே கடனில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. கணக்கு டீச்சர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஓடி ஒளியாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். இப்போதைய விதிப்படி 15 வருஷம் வரை தவணையை நீட்டலாம். மேலே சொன்ன 5,68,000-க்கு 15 வருஷம் என்றால் மாதம் சுமார் 6,820தான் வரும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8.42 லட்சத்துக்குப் பதில் 12.27 லட்சம் ஆகும். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையில் கூடுதலாகக் கிடைக்கும்போது அசலில் கட்டுங்கள்.

இரண்டு, வேலை போயிருந்தால் அதற்கான கடிதத்தைக் கொடுத்துத் தவணையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். முதலில் குறைவாகவும் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் கட்டும் ஏற்பாட்டையும் கேட்கலாம். தானாகத் தர மாட்டார்கள், கேட்டால்தான் பேசுவார்கள்.

மூன்று, ஒரே தடவையில் குறைந்த தொகைக்குத் தீர்த்துக்கொள்வதாக இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். முடித்ததும் பாக்கியில்லைச் சான்று வாங்குங்கள். அப்படித் தீர்த்த கடன் சிபில் அறிக்கையில் முழுதும் கட்டிய கடனாகத் தெரியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நாலு, வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. கந்துவட்டிக்கோ மீட்டர் வட்டிக்கோ வாங்கி வங்கியில் மட்டும் கட்டாதீர்கள். அது கிணற்றுக்குப் பயந்து கடலில் விழுவது.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டிலும் பொங்கல் சமயத்திலும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், "லோனை இன்னும் கட்டலையாமே" என்று நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். அதற்குப் பயந்தே ஊர்ப்பக்கம் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறாமல் பள்ளிக்கூடம் வந்த முதல் தலைமுறை. அவர்கள் படித்ததால்தான் இன்று அவர்கள் வீட்டுக் குழந்தை ஆலை வாசலைப் பார்க்காமல் வளர்கிறது. அந்தப் படிப்பின் விலையை அவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளே, வங்கிக் காகிதம் எதுவும் புரியவில்லையென்றால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தாயில்பட்டி